மூன்றே முக்கால் அங்குல லைன்மேன்

ஜி.ஐ. ஜோ பொம்மையைக் குப்புறப் போட்டால் முதுகில் ஒரு சின்னத் திருகு தெரியும். ஸ்டார் திருப்புளியால் அதைக் கழற்றினால் ஆள் மொத்தமாகப் பிரிந்து கைக்கு வந்துவிடுவான். தலை, மார்பு, முதுகு, இரண்டு கை, இடுப்பு, ஜோடியாக இரண்டு கால், நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். எங்கேயும் ஒரு சொட்டுப் பசை கிடையாது. பிரிக்கவும் மறுபடி மாட்டவும் இவ்வளவு ஒழுங்காக அமைந்த பொம்மை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கோவையில் பம்ப்செட் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். அந்த ரப்பர் வளையத்துக்கு எங்கள் பட்டறையில் ஓ-ரிங் என்று பெயர். பொம்மை சேகரிப்பவர்களும் உலகம் முழுக்க அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். தங்கை மகன் இடுப்பு கழன்ற ஒரு ஜோவைக் கொண்டுவந்து, “மாமா, இதைச் சரி பண்ண முடியுமா?” என்று கேட்டான். திறந்து பார்த்தால் உள்ளே எனக்குப் பழக்கமான சாமான். வளையத்தை மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பழைய ஜோக்களைப் பிரிப்பதும், ஒருவனின் கையை இன்னொருவனுக்கு மாட்டுவதும், வண்ணம் பூசிப் புது ஆள் செய்வதும் என் ராத்திரி வேலையாகிவிட்டன. இப்படிச் செய்யும் பொம்மையைக் கஸ்டம் என்பார்கள். வண்ணம் தீட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான கலை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இதில் வண்ணத்தின் பங்கு கடைசியில்தான் வருகிறது, அதுவும் கொஞ்சம்தான் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பொம்மையின் பிறப்பே அப்படிப்பட்டது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964இல் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ 12 அங்குல உயரம், துணிச் சட்டை போட்ட ஆள். ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குலத்தில் வந்து சக்கைப்போடு போட்ட பிறகு, அதே அளவில் 1982இல் ஜோவும் புதிதாக வந்தான். அந்த முதல் வரிசையை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரே மார்பு, ஒரே இடுப்பு, ஒரே கால்கள் பல பேருக்குப் பொது. சில முகங்கள்கூட ஒன்றுதான். தலைமுடியின் நிறத்தை மாற்றி வேறு ஆளாக்கியிருக்கிறார்கள். அச்சு செய்வது பெரிய செலவு என்பதால், இருக்கிற அச்சுகளைக் கலைத்துப் போட்டுப் புதுப்புது வீரர்களைச் செய்தார்கள். இன்றைக்கு நாம் வீட்டு மேசையில் செய்வதை அந்தத் தொழிற்சாலை அன்றைக்கே செய்திருக்கிறது.

அதே வரிசையில் ஸ்னேக் ஐஸ் என்று ஒருவன். உச்சி முதல் பாதம் வரை கறுப்புப் பிளாஸ்டிக், உடம்பில் ஒரு துளி பெயிண்ட் இல்லை. பெயிண்ட் செலவை மிச்சம் பிடிக்க அப்படி விட்டார்கள். கடைசியில் எல்லா ஜோக்களிலும் பிரபலமானவன் அவன்தான். இத்தனை வருஷம் கழித்தும் அவன் நிறம் உரியவில்லை. உரிய அவன்மேல் ஒன்றும் இல்லையே! புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவனைத்தான்.

இந்தியாவில் ஜோக்களைச் செய்தது ஃபன்ஸ்கூல். எம்.ஆர்.எஃப் நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் ஆரம்பித்த கம்பெனி அது, தலைமையிடம் சென்னை. அமெரிக்காவில் அந்தப் பழைய வரிசை 1994உடன் நின்றுபோன பிறகும் இங்கே சில ஆண்டுகள் ஓடியது. அச்சு ஹாஸ்ப்ரோவுடையது, நிறம் மட்டும் பல நேரம் நம் ஊர்க் கலவை. அங்கே பச்சையாக இருந்தவன் இங்கே நீலமாக, மஞ்சளாக வந்திருப்பான். இந்த விநோத நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் ஜோக்களைத் தேடி வாங்குகிறார்கள். கஸ்டம் செய்கிறவனுக்கு இதில் வேறொரு லாபம் இருக்கிறது. ஒரே வடிவக் கால் நாலைந்து நிறப் பிளாஸ்டிக்கில் கிடைத்தால், வேண்டிய நிறத்தை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பூசவே வேண்டாம்.

பூசாமல் இருப்பதில் அப்படி என்ன பெருமை என்று கேட்கலாம். பொம்மையின் தோள், முழங்கை, தொடை, முட்டி எல்லாம் ஒன்றோடொன்று உரசுகிற இடங்கள். தொழிற்சாலையில் அந்த இடைவெளியைக் காகிதம் நுழையாத அளவுக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு கோட் பெயிண்ட் ஏறினால் கை இறுகும். பலமாகத் திருப்பினால் பெயிண்ட் சுருண்டு உரிந்து வரும். அடியிலிருக்கும் பழைய நிறம் கோடாகத் தெரியும். பம்ப்பில் ஷாஃப்டும் புஷ்ஷும் சேரும் இடத்தில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? ஆகவே அசைகிற பாகங்களைப் பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகம், தொப்பி, பெல்ட், கையுறை, பொத்தான் என்று உரசாத இடங்களைப் பெயிண்டுக்கு விட வேண்டும்.

எப்படி என்று நான் செய்த ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். மின்வாரிய லைன்மேன். ஆடி மாசத்துக் காற்றில் கம்பம் ஏறுகிறவர்களை நான் தொழில் முறையில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் கரண்ட் கொடுத்தால்தான் என் மோட்டார் ஓடும். பொம்மை உலகத்தில் துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் இடம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பாகங்கள். முழுசாக, நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜோவை இதற்காக உடைக்கவே கூடாது. ஃபன்ஸ்கூல் பொம்மை அட்டை பிரிக்காமல் கிடைத்தால் அதைத் தொடாமல் வைத்திருங்கள். கஸ்டத்துக்கு விரலொடிந்தவன், இடுப்பு கழன்றவன், பெயிண்ட் போனவன் போதும். பழைய சாமான் சந்தையில் பையோடு மொத்தமாகத் தருவார்கள். நான் எடுத்தது காக்கிக்குக் கிட்டத்தட்ட வரும் பழுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு மார்பு, அதே சாயலில் முழுக்கைச் சட்டைக் கைகள், கொஞ்சம் அடர்த்தியான பழுப்பில் கால்கள், மீசை அச்சிலேயே வார்த்த ஒரு தலை, கழற்றி மாட்டும் பச்சை ஹெல்மெட் ஒன்று. அரைக்கையா முழுக்கையா என்று நிறைய யோசித்துத்தான் முழுக்கை எடுத்தேன். அரைக்கை என்றால் முழங்கை மூட்டுக்குத் தோல் நிறம் பூச வேண்டும். அது மடங்குகிற இடம், நிற்காது.

கழற்றும்போது இரண்டு விஷயம். திருகின் தலைக்குச் சரியாக உட்காரும் திருப்புளியாக இருக்க வேண்டும். சின்னதைப் போட்டுச் சுற்றினால் தலை தேய்ந்துவிடும், அப்புறம் யாராலும் திறக்க முடியாது. துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். முட்டியும் முழங்கையும் சின்ன உலோக ஆணியால் இணைந்தவை. அவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

ரப்பர் வளையத்துக்கு எந்தக் காலத்திலும் ஓர் ஆயுள் உண்டு. பழையதை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, இழுத்தபின் மெதுவாகத் திரும்பினாலோ அதன் வேலை முடிந்தது. மாற்று வளையம் ஹார்டுவேர் கடையிலும் பம்ப் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே சுற்றளவு, அதே தடிமனில் கேளுங்கள். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், “எந்த மோட்டாருக்குங்ணா இவ்வளவு சின்னது?” என்றார். பொம்மைக்கு என்று சொன்னதும் டப்பாவையே எடுத்து முன்னால் வைத்துவிட்டார். தடிமன் முக்கியம். கொஞ்சம் தடித்த வளையம் பலமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த இழுவிசை மொத்தமும் இடுப்புத் துண்டின் நடுவே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாலத்தில் விழும். ஜோக்களில் அதிகம் உடைகிற இடங்கள் இரண்டு. ஒன்று அந்தப் பாலம், இன்னொன்று கட்டைவிரல். தடித்த பிடியுள்ள சாமானைக் கையில் திணிப்பதால் விரல் போகிறது.

பிரித்த பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். கை எண்ணெய், வருஷக்கணக்கான தூசி எல்லாம் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். கொலு பொம்மைக்கு வண்ணம் பூசிப் பழகியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மண் பொம்மை வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறிஞ்சாது, பெயிண்ட் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் பூசப்போகிற இடத்தை மட்டும் 600ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுக்கிறோம். நனைத்துத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறாது.

பிளாஸ்டிக்கில் கெட்டி, மென்மை என்று இரண்டு ரகம் இருப்பதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நகத்தால் அழுத்தினால் அசையாதது கெட்டி ரகம். புதிய ரகப் பொம்மைகளின் தலை, கை, உடுப்புகளில் வருவது ரப்பர் போல வளையும் பிவிசி. அதை வளையச் செய்வதற்காகக் கலந்திருக்கும் எண்ணெய்ப் பசை மெதுவாக மேலே கசிந்துகொண்டே இருக்கும். ஸ்ப்ரே டப்பா பெயிண்டிலும் எனாமலிலும் இருக்கும் கரைப்பான் அதோடு சேர்ந்தால் பூச்சு காயவே காயாது. மாசக்கணக்கில் விரல் ஒட்டும், தூசி பிடிக்கும். ஆரம்பத்தில் மனம் உடைந்து பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் என்றால் இந்தத் தொல்லை வராது. அதேபோல, பழைய பெயிண்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். அதிலிருக்கும் அசிட்டோன் கெட்டிப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால் பெரும்பாலும் போதும்.

பெயிண்டுக்கு ஸ்பெயினின் வல்லெஹோ, இங்கிலாந்தின் சிட்டடெல் என்று மாடல் செய்கிறவர்களுக்கென்றே வருபவை உண்டு. நிறத்துகள் மிக நைசாக அரைத்திருக்கும், மெல்லிய கோட்டிலேயே மூடும், விலையும் அதற்கேற்ப. கற்றுக்கொள்கிற காலத்துக்கு ஸ்டேஷனரிக் கடையின் கேமல் அக்ரிலிக்கே போதும் என்பது என் கட்சி. ட்யூபிலிருந்து அப்படியே பூசாமல், பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கோட் திட்டுத் திட்டாக, அடியில் இருப்பது தெரிகிற மாதிரிதான் இருக்கும். அங்கே கை வைக்காமல் இருப்பதுதான் பயிற்சி. அரைமணி காயவிட்டு அடுத்த கோட். ஒரே அடியில் மூடப் பார்த்தால் சட்டையின் மடிப்பு, பொத்தான், தையல் என்று அச்சில் செதுக்கிய நுணுக்கமெல்லாம் பெயிண்டுக்குள் மூழ்கிவிடும். நம் ஊர் வெயிலில் தட்டில் வைத்த பெயிண்ட் நிமிஷத்தில் தோல் கட்டும். ஒரு டப்பா மூடியில் நனைத்த டிஷ்யூ பேப்பர், அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு அதில் பெயிண்ட் வைத்தால் வெகுநேரம் ஈரமாக இருக்கும்.

ஹெல்மெட்டுக்கு மஞ்சள். மஞ்சளும் சிவப்பும் மூடும் சக்தி குறைந்த நிறங்கள். பச்சை ஹெல்மெட்டின்மேல் நேராக மஞ்சள் பூசினால் எத்தனை கோட் ஏற்றினாலும் எலுமிச்சங்காய் நிறத்திலேயே நிற்கும். முதலில் வெள்ளையால் மூடி, அது நன்றாகக் காய்ந்தபின் மஞ்சள். கையுறைக்கும் அப்படியே, அங்கே ஆரஞ்சு. கை முஷ்டி எங்கேயும் உரசுவதில்லை, அதனால் துணிந்து பூசலாம். இடுப்பில் தொங்கும் கருவிப் பையை மட்டும் எம்-சீலில் செய்தேன். இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும் வரை பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு உருட்டித் தட்டி ஒட்ட வேண்டும். இறுக ஆரம்பிக்கும் முன் ஊசியால் பையின் மூடிக்கோட்டைக் கீறிவிடலாம். தொடை தூக்கினால் பை இடிக்கிறதா என்று அது ஈரமாக இருக்கும்போதே காலை மாட்டி மடக்கிப் பார்த்துவிட வேண்டும். தோளில் தொங்கும் கயிறு, தையல் நூலை மூன்று இழையாகப் பின்னியது.

முகத்துக்கு வருகிறேன். இந்த அளவில் தலை என்பது சுண்டுவிரல் நுனி அளவு, கண் ஒரு மில்லிமீட்டர் வந்தால் அதிகம். தலையை ஒரு ஸ்கெட்ச் பேனா மூடியில் டபுள் டேப்பால் நிறுத்தி, இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் பாதி குறையும். தோல் நிறத்துக்குக் கடையில் கிடைக்கும் ‘ஃபிளெஷ்’ டப்பா எதற்கும் உதவாது. அது வெள்ளைக்காரர் தோல். பர்ன்ட் சியன்னாவில் எல்லோ ஓக்கர், துளி வெள்ளை, நிழலுக்கு பர்ன்ட் அம்பர் சேர்த்தால் வெயிலில் வேலை செய்கிற நம் ஆளின் நிறம் வரும். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை ஒரு தடவை ஓடவிட்டால், அது தானாக மூக்கோரத்திலும் கன்னக்குழியிலும் மீசையடியிலும் தேங்கி நிழல் தரும். இதற்கு வாஷ் என்று பெயர். காய்ந்ததும் மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, முகவாய் மூன்றிலும் சற்று வெளிறிய நிறத்தை லேசாகத் தொட்டு வைக்க, தட்டையாக இருந்த முகம் எழுந்து வரும்.

கண்ணில்தான் எல்லாரும் திணறுகிறார்கள். பெரிய வெள்ளை வைத்து நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தால் ஆள் பேயைக் கண்டவன் மாதிரி விழிப்பான். உண்மையில் மூன்றடி தள்ளி நிற்கிறவரின் கண்ணில் வெள்ளை அவ்வளவு தெரிவதில்லை. மேலிமையின் நிழல்தான் தெரிகிறது. ஆகவே முதலில் கண் நீளத்துக்குக் கரும்பழுப்பில் மெல்லிய கோடு. அதன் கீழ்ப்பாதியில், இருபுறமும் ஓரமாக, பழுப்பு கலந்த வெள்ளையை ஊசி நுனியால் வைத்தால் நடுவில் மிஞ்சுகிற கருமையே கருவிழி ஆகிவிடும். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிப் பார்க்கிற தோற்றமும் தானாக அமைகிறது. கம்பத்தின்மேல் இருப்பவன் அப்படித்தானே பார்ப்பான்! கோடு பிசகினால் ஈரமாக இருக்கும்போதே நனைத்த பிரஷ்ஷால் எடுத்துவிடலாம், அக்ரிலிக் அந்த வகையில் தயாளமானது. மீசைக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்தால் உயிர் இருக்கும்.

தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. ஒரு நாளாவது அப்படியே விட்டு, பிறகு பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷ் ஒரு கோட். ஸ்ப்ரே வார்னிஷ் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெள்ளையாகப் பனிபோர்த்திவிடும். செய்த முகமெல்லாம் அதற்குள் மறைந்துவிடும்.

இனி மாட்டுவது. கால்கள் இரண்டையும் இணைக்கும் உலோகக் கொக்கியில் ரப்பர் வளையத்தைக் கோத்து, குரோஷே ஊசியால் இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலே இழுக்க வேண்டும். மார்புத் துண்டைப் படுக்க வைத்து, தோள் குழிகளில் கைகளையும் கழுத்துக் குழியில் தலையையும் உட்கார வைத்து, உள்ளே திருகு இறங்கும் தண்டில் வளையத்தின் மேல்முனையை மாட்டி, முதுகுத் துண்டால் மூட வேண்டும். மூடுவதற்கு முன் முதுகின் உட்பக்கத்தில் ‘கஸ்டம்’ என்றும் ஆண்டையும் எந்தெந்தப் பாகம் எந்தப் பொம்மையிலிருந்து என்றும் எழுதிவிடுவது என் பழக்கம். நம் கையை விட்டுப் போன பிறகு இதை யாரும் அபூர்வமான ஒரிஜினல் என்று சொல்லி விற்றுவிடக்கூடாது. திருகை முடுக்கும்போது இரண்டு துண்டும் சேர்ந்து கோடு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஒரு சுற்றுப் போட்டால் பிளாஸ்டிக்கின் மரை போய்விடும்.

மாட்டியதும் கையைக் காலை நாலு முறை அசைத்து, எங்காவது பெயிண்ட் உரசிக் கோடு விழுகிறதா பார்த்து, அந்த இடத்தைத் தேய்த்துத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். லைன்மேனுக்கு ஹெல்மெட்டின் உள்விளிம்பில் மட்டும் அப்படி ஒரு தேய்ப்பு தேவைப்பட்டது.

2007இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த புது ரக ஜோக்களில் முதுகுத் திருகும் கிடையாது, வளையமும் கிடையாது. மார்புக்குள் உருண்டை மூட்டு. சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, மென்மையானதும் இழுத்துக் கழற்றுவார்கள். அசைவு அதிகம், அழகும் அதிகம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. பழைய ஜோக்களில் சிலரைப் பிரித்து மாட்டிப் பழகிய பிறகு அவற்றிடம் போவது நல்லது.

அடுத்து நான் செய்ய நினைத்திருப்பது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கி மோட்டார் தூக்குகிற ஆள். அந்த லுங்கியில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. எம்-சீலில் செய்தால் மடிப்பு நன்றாக வரும், ஆனால் கால் அசையாது. துணியில் தைத்தால் கால் அசையும், ஆனால் இந்த அளவுக்கு எவ்வளவு மெல்லிய துணி எடுத்தாலும் விறைப்பாக நிற்கிறது. பழைய மல் வேட்டித் துணியைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, இடுப்பில் மட்டும் ஒட்டி, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய அமைப்பில் காயவிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தொடை தெரியும் அளவுக்கு மடித்துக் கட்டினால் முட்டிக்கு இடைஞ்சல் இருக்காது.